உளவியல் ஆய்வுகளை அன்றாட வாழ்க்கையில் எங்கே பயன்படுத்துவது?

கேள்வி இதுதான்: "உளவியல் ஆய்வுகளைப் பற்றி நிறையப் படிக்கிறேன், காணொளிகள் பார்க்கிறேன். படிக்கும்போது எல்லாம் சரியாகத்தான் படுகிறது. ஆனால் ஒரு வாரம் போனால் எதுவும் நிற்பதில்லை. இவற்றில் எது உண்மையிலேயே வேலை செய்யும்? அதை எப்படி நடைமுறைக்குக் கொண்டுவருவது?"

உளவியல் கற்பிக்கிறவன் என்ற முறையில் இதே கேள்வியை வெவ்வேறு வார்த்தைகளில் அடிக்கடி கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

நம் மனம் எப்படி வேலை செய்கிறது என்பது நமக்கு உள்ளிருந்தே தெரியும் என்று நினைக்கிறோம். பல விஷயங்களில் அது சரிதான். கோபம் வருகிறதா, ஒருவரைப் பிடித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள யாருக்கும் ஆய்வு தேவையில்லை. ஆனால் சில குறிப்பிட்ட இடங்களில் அந்த உள்ளுணர்வு தவறிவிடும். அதுவும் ஏதோ ஒருமுறை, யாரோ ஒருவருக்கு என்றில்லை. பெரும்பாலானவர்களுக்கு, ஒரே பக்கமாகச் சாய்ந்து, திரும்பத் திரும்பத் தவறும். ஆய்வுகள் நமக்கு நிஜமாகக் கைகொடுப்பது அந்த இடங்களில்தான். மற்ற இடங்களில் அவை நமக்கு ஏற்கெனவே தெரிந்ததைப் பெரிய வார்த்தைகளில் திருப்பிச் சொல்கின்றன. படிக்கச் சுவையாக இருக்கும், வாழ்க்கையில் எதுவும் மாறாது. அதனால் ஒரு ஆய்வைப் படித்ததும் நான் முதலில் பார்ப்பது, என் உணர்வு இயல்பாகச் சொல்வதற்கு மாறாக இது ஏதாவது செய்யச் சொல்கிறதா என்பதைத்தான்.

இதற்கு மிகத் தெளிவான உதாரணம் படிப்பும் நினைவும். சான்றும் இங்கேதான் மிக வலுவாக இருக்கிறது. அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

2006-ல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களுக்குச் சின்ன கட்டுரை ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரே தடவை படித்துவிட்டு, அடுத்த மூன்று தடவையும் கட்டுரையைப் பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நான்கு தடவை படித்தவர்களே முன்னால் இருந்தார்கள்: அவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, மற்றவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். நான்கு தடவை படித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் மிஞ்சியது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. அதைவிட முக்கியமான இன்னொரு விஷயம் உண்டு. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று மாணவர்களையே கணிக்கச் சொன்னபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் அதிக நம்பிக்கையோடு இருந்தார்கள்.

ஏன் இப்படி? ஒன்றை மூன்றாவது தடவை படிக்கும்போது வரிகள் பழகிப்போய் வேகமாக ஓடுகின்றன. அந்தப் பழக்கத்தை மனம் "எனக்குத் தெரியும்" என்று எடுத்துக்கொள்கிறது. பார்த்தால் அடையாளம் தெரிவதும், பார்க்காமல் எடுத்துச் சொல்ல முடிவதும் இரண்டு வெவ்வேறு திறமைகள். நமக்கு வாழ்க்கையில் பெரும்பாலும் தேவைப்படுவது இரண்டாவது. நாம் பயிற்சி செய்வதோ முதலாவது. புத்தகத்தை மூடிவிட்டு யோசித்தால் தடுமாறுகிறோம், பாதி வருகிறது, எரிச்சலாக இருக்கிறது. "சரியாகப் படிக்கவில்லை" என்று மறுபடி புத்தகத்தைத் திறந்துவிடுகிறோம். உண்மையில் அந்தத் தடுமாற்றத்தில்தான் நினைவு உறுதிப்படுகிறது. தட்டுத் தடுமாறி எழுதிய பிறகு சரியான விடையைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும், அது மட்டும் கட்டாயம். இப்படிப் பயன் தருகிற சிரமங்களை ராபர்ட் பியோர்க் 1990-களிலிருந்தே விரிவாக எழுதிவருகிறார்.

இதோடு சேர வேண்டியது இடைவெளி. ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்று காட்டினார். ஒரே மூச்சில் படிப்பதைவிட நாட்களுக்குப் பிரித்துப் படிப்பது நீண்ட நாள் நிற்கும் என்பதும் அப்போதே தெரிந்த விஷயம். எவ்வளவு இடைவெளி என்பதற்கு 2008-ல் ஆயிரத்துக்கும் அதிகமானோரை வைத்துச் செய்த ஒரு ஆய்வு தோராயமான அளவு தந்தது: ஒரு வாரம் கழித்துத் தேவைப்படுவதை ஒன்றிரண்டு நாள் விட்டுத் திரும்பப் பார்க்கலாம், ஒரு வருடம் கழித்துத் தேவைப்படுவதற்குச் சில வார இடைவெளி நல்லது. 2013-ல் ஜான் டன்லாஸ்கியும் சக ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இருந்த சான்றுகளை அலசினார்கள். மேலே வந்தவை இந்த இரண்டுதான்: பார்க்காமல் சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் படிப்பது. அடிக்கோடிடுவதும் திரும்பப் படிப்பதும் பயன் குறைந்தவை என்ற பட்டியலில் போயின. கையில் மார்க்கர் பேனாவோடு உட்காருகிற எல்லா மாணவர்களுக்கும் இது தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இது பரீட்சை எழுதுகிறவர்களுக்கு மட்டும் உரியது என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவர் சொன்ன நான்கு விஷயங்களை வெளியே வந்ததும் சீட்டைப் பார்க்காமல் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். வேலையில் புதிய முறை ஒன்றைக் கற்றுக்கொடுத்தால், கையேட்டை மறுபடி புரட்டுவதற்கு முன்னால் படிகளை நினைவிலிருந்து எழுதுங்கள். படித்த ஆய்வு ஒரு வாரத்தில் காணாமல் போகிறது என்கிறீர்களே, அதற்கும் மருந்து இதுதான்: படித்து முடித்ததும் திரையை மூடிவிட்டு, யாரை வைத்து என்ன செய்தார்கள், என்ன கண்டார்கள், அதிலிருந்து நான் எதை மாற்றப்போகிறேன் என்று மூன்று வரி எழுதுங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி எழுதிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஆறு காணொளி பார்ப்பதைவிட ஒன்று பார்த்து இப்படிச் செய்வது அதிகம் தரும். பார்க்கும்போது அப்படித் தோன்றாது, அவ்வளவுதான்.

அடுத்தது நேரக் கணிப்பு. ஒரு வேலை எவ்வளவு நாள் பிடிக்கும் என்று யோசிக்கும்போது நாம் அந்த வேலையையே மனதில் ஓட்டிப் பார்க்கிறோம்: இது முடிந்ததும் அது, அது முடிந்ததும் இது. அந்த மனப்படத்தில் காய்ச்சல் வராது, கணினி பழுதாகாது, இன்னொருவர் பதில் தர ஒரு வாரம் இழுக்க மாட்டார். டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் இந்தப் பிழைக்குத் திட்டமிடல் மாயை என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். 1994-ல் ரோஜர் பியூலர் குழுவினர், பட்டத்துக்கான ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரிக் கணிப்பு சுமார் 34 நாள். "எல்லாமே மோசமாகப் போனால்?" என்று கேட்டதற்குச் சுமார் 49 நாள் என்றார்கள். நிஜத்தில் ஆனது சுமார் 55 நாள். அதாவது, மிக மோசமான நிலையைக் கற்பனை செய்தபோதும் உண்மைக்குக் குறைவாகவே சொன்னார்கள்.

இதற்குத் தீர்வாக "இன்னும் கவனமாக யோசி" என்று சொல்வது உதவாது. கவனமாக யோசித்தால் படிகள் இன்னும் தெளிவாகத் தெரியும், நம்பிக்கை இன்னும் கூடும். யோசிப்பதையே கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, இதே மாதிரி வேலை போன தடவை எவ்வளவு நாள் பிடித்தது என்று பழைய கணக்கைப் பார்க்க வேண்டும். இந்த வேலை கொஞ்சம் வேறு, இந்தத் தடவை அப்படி ஆகாது என்று மனம் சொல்லும். போன தடவையும் அதையேதான் சொல்லியிருக்கும். நாட்குறிப்பில் தொடங்கிய தேதி, முடித்த தேதி இரண்டையும் எழுதி வைப்பவர்களுக்குக் கொஞ்ச நாளில் தன் சொந்த விகிதம் தெரிந்துவிடும். நான் சொல்வதைப்போல ஒன்றரை மடங்கு பிடிக்கிறது என்று தெரிந்தால், அடுத்த வாக்குறுதியை அதற்கேற்பக் கொடுக்கலாம். கூட வேலை செய்பவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி குறைவு.

இனி, செய்ய நினைத்தும் செய்யாமல் போவது. "நாளையிலிருந்து தினமும் நடக்கப் போகிறேன்" என்று முடிவெடுக்கும்போது அந்த முடிவின் வலு மனதில் நன்றாகவே தெரிகிறது. வலுவாக நினைப்பதே போதும் என்றும் தோன்றுகிறது. பீட்டர் கோல்விட்சர் 1990-களிலிருந்து காட்டிவருவது, நோக்கம் எவ்வளவு வலுவானது என்பதோடு, அது எந்தக் கணத்தோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம் என்பதை. "இந்த இடத்தில், இந்த நேரத்தில், இது நடந்ததும் நான் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால், அந்தக் கணம் வரும்போது யோசிக்க வேண்டியதில்லை, சூழலே நினைவூட்டிவிடும். 2006-ல் அவரும் பாஸ்கல் ஷீரனும் இப்படிப்பட்ட 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது விளைவு நடுத்தரத்துக்கும் மேலாகவே இருந்தது.

ஆனால் எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். 2011-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், காய்ச்சல் தடுப்பூசிக்கான அறிவிப்புக் கடிதத்தில் தேதியையும் நேரத்தையும் எழுதிக்கொள்ள இடம் விட்டார்கள். வெறும் அறிவிப்பு பெற்றவர்களில் சுமார் 33 சதவீதம் பேர் போட்டுக்கொண்டார்கள்; தேதியும் நேரமும் எழுதச் சொன்னவர்களில் சுமார் 37 சதவீதம். நான்கு சதவீதப் புள்ளி. செலவில்லாத ஒரு வரிக்கு இது நல்ல பலன்தான், அதிசயம் கிடையாது. ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியே வரும்போது பலன் இப்படிச் சுருங்குவது வழக்கம். அமெரிக்காவில் அரசு சார்ந்த இரண்டு பெரிய குழுக்கள் மக்களின் நடத்தையை மெல்லத் திருப்ப நடத்திய 126 சோதனைகளை டெல்லவிக்னா, லினோஸ் என்ற இருவர் 2022-ல் தொகுத்தார்கள். ஆய்விதழ்களில் வெளியான இதேபோன்ற ஆய்வுகளில் சராசரி விளைவு 8.7 சதவீதப் புள்ளி. அந்தக் குழுக்களின் நிஜச் சோதனைகளில் 1.4. உளவியல் செய்தி ஒன்று வாழ்க்கையையே புரட்டிப்போடும் என்று சொன்னால் இந்த இரண்டு எண்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பழக்கம் உருவாக 21 நாள் போதும் என்பது இதே வகை. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவர், நோயாளிகளுக்குத் தங்கள் மாறிய முகம் பழகக் குறைந்தது மூன்று வாரம் ஆகிறது என்று 1960-ல் எழுதினார். "குறைந்தது" உதிர்ந்துபோய், முகம் போய், எல்லாப் பழக்கத்துக்கும் 21 நாள் என்று ஆகிவிட்டது. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் இதை அளந்து 2010-ல் வெளியிட்டார்கள். ஒரு புதிய செயல் தானாக வரும் நிலையை எட்ட நடுவளவாக 66 நாள் ஆனது. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 முதல் 254 நாள் வரை. ஒருநாள் தவறவிட்டதால் பெரிய இழப்பு எதுவும் இல்லை என்பதும் அதில் தெரிந்தது. இந்தக் கடைசி விஷயத்தை நான் மிகவும் மதிக்கிறேன். 22-ஆம் நாளும் சிரமமாக இருக்கிறதே, என்னிடம்தான் ஏதோ குறை என்று விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். ஒருநாள் தவறியதும் எல்லாம் போச்சு என்று நிறுத்துகிறவர்கள் அதைவிட அதிகம். இரண்டு முடிவுக்கும் ஆதாரம் கிடையாது.

மன உறுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆசையை எதிர்த்துப் போராடுகிறவர்தான் சாதிக்கிறார் என்று தோன்றுகிறது. அன்றாட வாழ்க்கையில் மக்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், தன்னடக்கம் அதிகம் என்று பெயரெடுத்தவர்கள் போராடுவதே குறைவாக இருந்தது. அவர்கள் சபலம் கண்ணில் படாதபடி வாழ்கிறார்கள், பழக்கத்தை நம்புகிறார்கள். ஆகவே கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடாமல் இருக்கப் பயிற்சி எடுப்பதை விட்டு, வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

சரி, தூக்கத்துக்கு வருவோம். உணர்வும் ஆய்வும் நேருக்கு நேர் மோதுகிற இடம் இது. நாள்பட்ட தூக்கமின்மை உள்ளவர் செய்வதெல்லாம் நியாயமாகவே படும்: தூக்கம் போதவில்லை, அதனால் சீக்கிரம் படுக்கிறார், வரவில்லை என்றாலும் கண்ணை மூடிக் கிடக்கிறார், காலையில் முடிந்தவரை நேரம் கழித்து எழுகிறார், பகலில் கொஞ்சம் ஈடுகட்டுகிறார். இதன் விளைவாகப் படுக்கை என்பது விழித்துக்கொண்டு கவலைப்படும் இடமாக மனதில் பதிந்துவிடுகிறது, தூக்கமும் மெலிந்து நீண்ட நேரத்துக்குச் சிதறுகிறது. ரிச்சர்ட் பூட்சின் 1972-ல் முன்வைத்த முறை இதற்கு நேர் எதிரானது: தூக்கம் கண்ணைச் சொக்கும்போது மட்டும் படுங்கள், வரவில்லை என்றால் எழுந்து வேறு அறைக்குப் போங்கள், மறுபடி சொக்கும்போது திரும்புங்கள், எவ்வளவு தூங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுங்கள், படுக்கையைத் தூங்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 1980-களில் ஆர்தர் ஸ்பீல்மன் இன்னும் ஒருபடி போனார். நிஜமாகத் தூங்குவது ஐந்தரை மணி நேரம் என்றால், படுக்கையில் இருக்கும் நேரத்தையும் ஏறக்குறைய அவ்வளவாகச் சுருக்கச் சொன்னார். தூக்கம் ஒட்டி வந்த பிறகு கால் மணி நேரமாகக் கூட்டலாம்.

தூக்கம் இல்லாதவரைப் பார்த்துப் படுக்கையில் குறைவாக இருங்கள் என்றால் கொடுமையாகத் தோன்றும். முதல் ஒன்றிரண்டு வாரம் நிஜமாகவே கடினம். ஆனால் இவை அடங்கிய அறிவாற்றல் நடத்தை சிகிச்சையைத்தான் (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் மருந்தில்லாச் சிகிச்சை), பெரியவர்களின் நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் முதல் சிகிச்சையாகத் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016-ல் பரிந்துரைத்தது. பூட்சினின் விதிகளைப் பெரும்பாலானோர் தாமாகவே தொடங்கலாம். படுக்கை நேரத்தைச் சுருக்கும் முறையை மட்டும் தெரிந்த ஒருவரின் மேற்பார்வையில் செய்யுங்கள். வலிப்பு நோய், இருமுனை மனநிலைக் கோளாறு உள்ளவர்களும், வாகனமோ ஆபத்தான இயந்திரமோ இயக்குகிறவர்களும் தாமாக இதில் இறங்கக் கூடாது.

பயத்திலும் இதே கதைதான். பயப்படுகிற ஒன்றைத் தவிர்த்ததும் கிடைக்கும் நிம்மதி, தவிர்த்தது சரி என்று சொல்கிறது. அந்த நிம்மதியே அடுத்த முறை தவிர்ப்பதற்குக் கூலியாகிவிடுகிறது. கூட்டத்தில் பேசப் பயப்படுகிறவர் சின்னக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்பதில் தொடங்கி, படிப்படியாக அருகே போக வேண்டும். வாழ்க்கையே முடங்கும் அளவுக்கு இருக்கிற பயம், வாரக்கணக்கில் நீளும் மனச்சோர்வு, வாழவே வேண்டாம் என்ற எண்ணம், இவற்றுக்குப் படித்துத் தெரிந்துகொண்டு தானே சரிசெய்துகொள்வது வழியாகாது. மருத்துவரிடம் போங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

மற்றவர்களோடு பழகுவதில் நம் உணர்வு இரண்டு பக்கமும் ஏமாற்றுகிறது. ஒன்று, நம்மை எல்லோரும் கவனிக்கிறார்கள் என்ற எண்ணம். தாமஸ் கிலோவிச் குழுவினர் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், கூச்சம் தருகிற படம் போட்ட சட்டையோடு ஒரு மாணவரை மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்; கவனித்தது கால்வாசிப் பேர். இரண்டு, பேசி முடித்ததும் வருகிற "அவருக்கு என்னைப் பிடிக்கவில்லையோ" என்ற சந்தேகம். முதன்முதலாகச் சந்தித்துப் பேசியவர்களை எரிகா பூத்பி குழுவினர் தனித்தனியாகக் கேட்டு 2018-ல் வெளியிட்டார்கள். மற்றவருக்கு நம்மை எவ்வளவு பிடித்திருந்தது என்பதை மக்கள் சராசரியாகக் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். சிகாகோ ரயில்களில் நிக்கலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் செய்த சோதனையிலும், பக்கத்தில் இருப்பவரிடம் பேச வைக்கப்பட்டவர்களின் பயணம், பேசாமல் தனியாக இருந்தவர்களுடையதைவிட இனிமையாக இருந்தது. முன்கூட்டியே கணிக்கச் சொன்னவர்கள் அதற்கு நேர்மாறாகச் சொல்லியிருந்தார்கள். ஒருவரைத் தொடர்புகொள்ளலாமா என்று தயங்கும்போது தராசு ஏற்கெனவே தயக்கத்தின் பக்கம் சாய்ந்தே இருக்கிறது என்று கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று சண்டைகளில் வருவது: "நீ அன்றைக்கு இப்படித்தான் சொன்னாய், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது." எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974-ல் ஒரே கார் விபத்துப் படத்தைக் காட்டிவிட்டு, சிலரிடம் கார்கள் "மோதியபோது" என்றும், சிலரிடம் "நொறுங்கியபோது" என்பதுபோன்ற கடுமையான சொல்லைப் போட்டும் வேகத்தைக் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்குக் கடுமையான சொல்லைக் கேட்டவர்களில் 32 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். மென்மையான சொல்லைக் கேட்டவர்களில் 14 சதவீதம். படத்தில் கண்ணாடி எதுவும் உடையவில்லை. ஒரு பழைய வாக்குவாதத்தை மனதுக்குள் எத்தனை தடவை எத்தனை கடுமையான சொற்களில் திருப்பிச் சொல்லிக்கொள்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டு பேரும் பொய் சொல்லாமலேயே இரண்டு விதமாக நினைவு வைத்திருக்க முடியும். அன்று யார் என்ன சொன்னார் என்ற வழக்கை விட்டுவிட்டு, இனி என்ன செய்வது என்று பேசுவதுதான் பலன் தரும். முக்கியமான ஒப்பந்தங்களை அன்றைக்கே எழுதிக்கொள்வதும்.

எதை நம்பக் கூடாது என்பதற்கும் இதே அளவுகோல் உதவுகிறது. 2015-ல் ஒரு பெரிய கூட்டு முயற்சியில் 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் ரீதியாகத் தெளிவான முடிவு காட்டியவை. மறுசோதனையில் அப்படிக் காட்டியவை 36 சதவீதம்தான். இதைக் கேட்டு உளவியலே பொய் என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். தன் வீட்டைத் தானே சோதித்துப் பார்த்துக் குறையை அச்சிட்ட துறை என்பதால் எனக்கு அதன்மேல் மரியாதை கூடியது.

இப்படிச் சோதனையில் நிற்காமல் விழுந்த பிரபலமான கருத்துகளைப் பார்த்தால் பல, கேட்டவுடன் பிடித்துப்போகிறவை. இரண்டு நிமிடம் கம்பீரமாக நின்றால் ஹார்மோன்களே மாறும் என்ற 2010 ஆய்வில் இருந்தவர்கள் 42 பேர். 2015-ல் 200 பேரை வைத்துச் செய்தபோது ஹார்மோன் மாற்றம் கிடைக்கவில்லை. மூல ஆய்வின் முதல் ஆசிரியர் டேனா கார்னியே அடுத்த வருடம், இனி அந்த விளைவை நம்பவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். மன உறுதி எரிபொருள்போலத் தீர்ந்துபோகும் என்ற கருத்தை 2016-ல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து சோதித்தபோது விளைவு கிட்டத்தட்டப் பூஜ்யம். சிலர் கண்ணால் கற்பவர்கள், சிலர் காதால் கற்பவர்கள், அவரவர் வகைக்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று ஹால் பாஷ்லர் குழுவினர் 2008-லேயே எழுதிவிட்டார்கள்; இன்னும் பள்ளிகளில் வலம் வருகிறது. ஆளுமை வகைகளைச் சொல்லும் சோதனைகள் அப்படியே பொருந்துகிறதே என்பீர்கள். பெர்ட்ரம் ஃபோரர் 1949-ல் வெளியிட்ட ஒரு சோதனை இங்கே நினைவில் இருக்கட்டும்: மாணவர்கள் அனைவருக்கும் ஒரே வர்ணனையைக் கொடுத்து, இது உனக்கென்றே எழுதியது என்றார். அவர்கள் கொடுத்த சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.26.

இனிப்பு மிட்டாய்ச் சோதனையும் பலருக்குத் தெரிந்திருக்கும்: முன்னால் வைத்த ஒரு மிட்டாயை உடனே தின்னாமல் காத்திருந்து இரண்டு மிட்டாய் வாங்கிய குழந்தை பிற்காலத்தில் சாதிக்கும் என்று வால்டர் மிஷெலின் ஆய்விலிருந்து பரவியது. 2018-ல் சுமார் 900 குழந்தைகளை வைத்து டைலர் வாட்ஸ் குழுவினர் பார்த்தபோது தொடர்பு பாதியாகியது. குடும்பப் பின்னணியையும் குழந்தையின் ஆரம்பத் திறன்களையும் கணக்கில் எடுத்ததும் அதில் பெரும்பகுதி கரைந்தது. பொறுமை இல்லாத குழந்தை என்று நான்கு வயதிலேயே முத்திரை குத்துவதற்கு இது ஒருபோதும் ஆதாரமாக இருந்ததில்லை. இந்த ஒரு தவறான புரிதல் குழந்தைகள்மேல் ஏற்றிய சுமையை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. உளவியல் ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் சுமார் 96 சதவீதம் பேர் மேற்கத்தியத் தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள், அவர்களோ உலக மக்களில் 12 சதவீதம்தான் என்று ஜோசப் ஹென்ரிக்கும் இன்னும் இருவரும் 2010-ல் சுட்டிக்காட்டினார்கள். மறதி எல்லோருக்கும் ஒன்றுபோல நடக்கலாம். முகம் தெரியாதவரிடம் பேசுவது எங்கும் ஒன்றாக இருக்காது. அதோடு, எல்லா ஆய்வும் சராசரியைச் சொல்கிறது. 66 நாள் என்பது 18-க்கும் 254-க்கும் நடுவே கிடக்கும் ஒரு எண். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று உங்களைப் பார்த்தால்தான் தெரியும்.

அதனால் ஒன்றை எடுத்து உங்களிடமே சோதியுங்கள். ஒரு சமயத்தில் ஒன்று மட்டும். எதை அளப்பது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்: நிம்மதியாக இருக்கிறதா என்பதை வைத்துக்கொள்ளாமல், எத்தனை மணிக்குத் தூங்கினேன், எத்தனை நாள் நடந்தேன், வாரம் கழித்து எத்தனை கேள்விக்கு விடை சொன்னேன் என்பதுபோல எண்ணக்கூடியதாக இருக்கட்டும். எதையும் மாற்றுவதற்கு முன் இரண்டு வாரம் வெறுமனே குறித்து வாருங்கள். இந்த இரண்டு வாரத்தைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். நாம் பொதுவாக ஒரு விஷயம் மிக மோசமாக இருக்கும்போதுதான் தீர்வு தேடுகிறோம். மிக மோசமான வாரத்துக்குப் பிறகு வருவது பெரும்பாலும் அதைவிடச் சுமாரான வாரம், நாம் எதுவுமே செய்யாவிட்டாலும். ஃபிரான்சிஸ் கால்டன் 19-ஆம் நூற்றாண்டிலேயே விவரித்த சராசரிக்குத் திரும்பும் போக்கு இது. அந்த முன்னேற்றத்துக்கான பெயரை அப்போது கையில் இருந்த எந்த முறையும் தட்டிக்கொண்டு போய்விடும். அடுத்த மோசமான வாரத்தில் அது கைவிட்டுவிட்டது என்று வேறொன்றுக்குத் தாவுவோம். ஆகவே சாதாரணமாகப் போகிற ஒரு வாரத்தில் குறிக்கத் தொடங்குங்கள். முறையை இரண்டு வாரம் வையுங்கள், இரண்டு வாரம் நிறுத்துங்கள், மறுபடி வையுங்கள், பிறகு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழக்கமாக வேர்விடும் விஷயங்களுக்கு மட்டும் இந்த நிறுத்தி வைக்கும் முறை ஒத்துவராது. அவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் இடைவிடாத குறிப்பு போதும்.